பெட்டியைச் சுமந்தவர்களின் பயம்

என் மகன் அருளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா அதை அடுப்பங்கரையில் நின்றபடியே படித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம் என்பதையும், முதல் சபையாகவே பெரிய ஊர் ஒன்றைக் கொடுக்கப்போகிறார்கள் என்பதையும் எழுதியிருந்தாய். எல்லாவற்றுக்கும் கீழே, "எனக்குக் கொஞ்சமும் பயமில்லை அப்பா. பீடத்தின் முன் நின்றால் நம் வீட்டுக் கூடத்தில் நிற்பது போலத்தான் இருக்கிறது" என்று ஒரு வரி. அம்மாவுக்கு அந்த வரியில்தான் பெருமை. அக்கம்பக்கத்து வீடுகளில் வாசித்துக் காட்டினாள். எனக்கோ அந்த வரியில்தான் பயம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸை ஓட்டும்போதும் அந்த வரியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. லஸ் முனையில் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டு, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இது வாழ்த்துக் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். உனக்கும் அது தெரியும். மழை நாளில் அடையாற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸை ஏற்றும்போது ஸ்டியரிங் என் உள்ளங்கை வியர்வையில் வழுக்கும். நீச்சல் தெரியாது. கடற்கரைக்குப் போனால் அலை தொடாத இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வேன், நீயும் அம்மாவும் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆனால் தண்ணீரைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது நம் ஆலயத்தில் பீடத்தை அடைத்து நிற்கும் கிராதிக்கு அந்தப் பக்கம். நம் ஆலயம் சிறியது, ஆற்றங்கரைச் சந்தின் கோடியில் ஒதுங்கி நிற்பது. அங்கே மணியடித்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோனபோது, சம்பளத்துக்கு ஆள் வைக்கச் சபையில் வசதியில்லை. சபையின் குருவானவர், நம் ஐயர், என்னைக் கூப்பிட்டு, "நீங்க செய்வீங்களா?" என்று கேட்டார். சரியென்றேன். அன்றிலிருந்து ஞாயிறு விடிகாலையில் கதவைத் திறப்பது, மணியடிப்பது, பெஞ்சுகளைத் துடைப்பது, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பாத்திரங்கள் இருந்த தேக்குப் பெட்டியை அங்கி மாற்றும் அறையிலிருந்து பீடத்தருகே தூக்கிக்கொண்டு போய் வைப்பது எல்லாம் என் வேலையாயிற்று.

அந்த வேலை வந்த பிறகுதான் வேதாகமத்தில் எண்ணாகமத்தைக் கருத்தாகப் படிக்க ஆரம்பித்தேன். தி. நகர் பஸ் நிலையத்தில் அடுத்த டிரிப்புக்கு நேரம் இருக்கும்போது, சீட்டிலேயே உட்கார்ந்து படிப்பேன். பிரசங்கத்தில் யாரும் தொடாத அதிகாரங்கள் அவை. வனாந்தரத்தில் கடவுளின் கூடாரத்தைச் சுமந்த லேவியர் மூன்று வம்சம். கெர்சோன் வம்சத்தாருக்கு அந்தக் கூடாரத்தின் திரைகளும் மூடுதுணிகளும். மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். ஒவ்வொருவன் சுமக்க வேண்டியதையும் பேர்பேராக ஒப்புக்கொடுக்க வேண்டுமாம். ஒரு முளையைச் சுமப்பதுகூடக் கடவுள் பேர் சொல்லிக் கொடுத்த வேலை என்று தெரிந்தபோது, பெஞ்சு துடைக்கிற எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஆனால் கோகாத் வம்சத்தாரிடம் வந்ததும் நடுக்கம் பிடித்துக்கொண்டது. உடன்படிக்கைப் பெட்டி முதலாகப் பரிசுத்தமானவை எல்லாம் அவர்கள் சுமை. ஆசாரியர் முதலில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் வரலாம். தொட்டால் சாவு, மூடும்போது எட்டிப் பார்த்தாலும் சாவு. மற்ற இரண்டு வம்சங்களுக்கும் மாட்டுவண்டி கொடுத்தார்கள். இவர்களுக்கு மட்டும் வண்டி இல்லை, தோளில்தான் சுமக்க வேண்டும். அருள், நீ கல்லூரியில் இதையெல்லாம் எபிரெய மொழியிலேயே படித்திருப்பாய். நான் படித்தது டீசல் வாடையில். ஆனாலும் கேட்கிறேன், தோள்மேல் சாவைத் தூக்கிக்கொண்டு வனாந்தரத்தில் நாற்பது வருடம் நடந்த அந்த மனிதர்கள் ராத்திரி எப்படித் தூங்கினார்கள்?

நீ சிறுவனாக இருந்தபோது ஒருநாள் நான் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த சமயம் கிராதிக்கு அடியில் புகுந்து பீடத்தருகே போய், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாய். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். உனக்குத் தோள் பிசகிவிட்டது. மயிலாப்பூர் வைத்தியரிடம் கட்டுப் போட்டோம். "குழந்தை போனா சாமி கோவிச்சுக்குமா?" என்று அம்மா என்னிடம் சண்டை போட்டாள். பீடத்தில் நிற்பது வீட்டில் நிற்பது போல இருக்கிறதென்று நீ எழுதியதைப் பார்த்தபோது, அன்று சிரித்த அதே முகம்தான் என் கண்முன் வந்தது.

இப்போது நான் சொல்லப்போவது உனக்கு முழுதாகத் தெரியாத விஷயம். நீ பெங்களூரில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆற்றில் வெள்ளம் வந்ததே, அந்தச் சமயம் "ஆலயத்தில் தண்ணீர் புகுந்தது, நாங்கள் நலம்" என்று ஒரு கார்டு மட்டும் போட்டிருந்தேன். பரீட்சை நேரம் என்று அம்மா அதற்கு மேல் எழுத விடவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தது, அப்படியே நின்றுவிட்டது.

அன்று காலை டூட்டி முடித்து வீட்டுக்கு வந்தவன், சட்டை மாற்றாமல் குடையை எடுத்தேன். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று டிப்போவில் பேச்சு. "இந்த மழையில எங்கங்க?" என்றாள் அம்மா. பெட்டியை எடுத்துவரப் போகிறேன் என்றேன். "பெட்டி கெடக்கட்டும்ங்க. உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாது." நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். ஐயர் கிராமத்துச் சபைகளைப் பார்க்கப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. அந்தப் பெட்டி மூழ்கிப்போனால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்? மந்தைவெளியிலிருந்து நடந்தே போனேன். சந்தில் நுழைந்தபோது தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, ஆனால் அது ஓடுகிற வேகம் சரியில்லை. ஆலயம் மேட்டில் இருந்ததால் உள்ளே நனையவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன். உள்ளே வெள்ளிக் கிண்ணமும் தட்டும் மெல்ல உரசிக்கொண்ட சத்தம் என் காதோரம் கேட்டது. கதவைப் பூட்டிவிட்டு இரும்புக் கேட்டுக்கு வருவதற்குள் சந்தின் முனையில் பெரிய தெரு தெரியவில்லை. அங்கே ஆறுதான் தெரிந்தது.

நான் வரும்போது உள்பக்கம் பூட்டியிருந்த கேட்டுக்கு வெளியே ஜனங்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கத்துக் குடிசைகளில் இருந்தவர்கள், முப்பது நாற்பது பேர் இருக்கும். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. முன்னால் நின்றவர் ஏழுமலை. ஆற்றங்கரையில் துணி வெளுப்பவர், நம் பீடத்து விரிப்பையும் ஐயரின் அங்கியையும் வருடக்கணக்காக வெளுத்துத் தருபவர் அவர்தான். துணியைக் கேட்டில் வாங்கிக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வந்ததே இல்லை. வரச் சொன்னதும் இல்லை.

"சார், கேட்டைத் தொற. ஜனம் போறதுக்கு எடம் இல்ல. உன் கோயிலு மட்டும்தான் மேடா கீது."

பித்தளை விளக்கு ஒன்று திருடு போனதிலிருந்து, ஆராதனை நேரம் தவிர யாருக்கும் திறக்கக்கூடாது என்று சபைக் கமிட்டி எனக்குச் சொல்லியிருந்தது. நான் அதைத்தான் சொன்னேன். "கமிட்டியில கேக்கணும் ஏழுமலை. ஐயரும் ஊர்ல இல்ல."

"இன்னா சார் கமிட்டி? தண்ணி இன்னா கமிட்டியைக் கேட்டுக்கினா வருது?"

அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை, என் தோளில் இருந்த பெட்டியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டில் சாவியைப் போட்டேன். சாவி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. துணிச்சல் வந்து திறந்தேன் என்று நினைத்துவிடாதே. கமிட்டிக்குப் பயந்தேன், கடவுளுக்குப் பயந்தேன், அந்த ஜனங்களுக்கும் பயந்தேன். எந்தப் பயம் ஜெயித்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட் திறந்தது, ஆலயக் கதவும் திறந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் ஆலயத்துக்குள் போனார்கள். ஏழுமலை மட்டும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா ஊட்ல கீது சார். கையி காலு வராது. ஒண்டியா தூக்கிப் பாத்துட்டேன், முடில. ஒரு தோள் குடு சார்." சுற்றிப் பார்த்தேன். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். ஆண்களில் பாதிப்பேர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்த ஒன்றிரண்டு பேரும் பிள்ளைகளை உள்ளே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என் தோளில் ஏற்கெனவே பெட்டி இருந்தது. அதை ஆலயத்தின் மேல்படியில் இறக்கி வைத்தேன். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

சந்தைத் தாண்டுவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. குடிசைக்குள் கிழவி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள், கட்டிலின் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. கட்டிலோடு தூக்கினோம். முன்னால் ஏழுமலை, பின்னால் நான், கட்டிலின் சட்டங்கள் எங்கள் தோளில். காலால் தரையைத் தடவித் தடவி நடந்தேன். தண்ணீர் இழுத்தது. செத்த கோழி ஒன்றும் யாருடைய வீட்டுக் கதவோ ஒன்றும் என்னை இடித்துக்கொண்டு போயின. வாய்விட்டு அழுதேன் அருள். மழைச் சத்தத்தில் ஏழுமலைக்குக் கேட்டிருக்காது. பாதி வழியில் சாக்கடைப் பள்ளத்தில் என் ஒரு கால் இறங்கியது. கட்டில் சாய்ந்தது. கிழவி என் பக்கமாகச் சரிந்தாள். நான் கையை நீட்டி அவளைப் பிடித்தேன்.

அந்த நொடியில் எனக்கு வேதத்தில் வருகிற ஊசாவின் ஞாபகம் வந்தது. மாடுகள் இடறின, வண்டியில் ஏற்றியிருந்த உடன்படிக்கைப் பெட்டி சாய்ந்தது, அவன் கை நீட்டினான், செத்தான். அடுத்து சாவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிழவி என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "எவன்டா அவன், பாத்து நடடா!" என்று கத்தினாள். அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

நாங்கள் திரும்பியபோது மேல்படி தண்ணீருக்குள் போயிருந்தது. பெட்டி இல்லை. நாலாபுறமும் பார்த்தேன். தேடிப் போக எந்தப் பக்கமும் தரை இல்லை. ஆலயத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர், பெஞ்சுகள் மெல்ல அசைந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் எல்லோரும் முன்னால் வந்து, கிராதியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். கிராதிக்கு அந்தப் பக்கம் தரை உயரம், அங்கே இன்னும் ஈரம்கூட இல்லை. ஆனாலும் ஒருவரும் ஏறவில்லை. பிள்ளைகளைக்கூட ஏற்றவில்லை. ஏழுமலை கட்டிலைத் தோளில் தாங்கியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க ஏறலாமா சார்? சாமி எடமாச்சே."

கட்டிலோடு திரும்பி நான் முன்பக்கம் வந்தேன். கிராதியின் சின்னக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்தேன். ஞாயிறுதோறும் தலைகுனிந்தே போகிறவன், முதல் முறையாகத் தலை நிமிர்ந்தபடி உள்ளே போனேன். பிள்ளைகளை முதலில் ஏற்றினோம். தண்ணீரும் எங்கள் பின்னாலேயே ஏறியது. பாதத்துக்கு வந்தது, பிறகு கணுக்காலைத் தாண்டியது. கட்டில் தாழ்வானது, கிழவியின் முதுகு நனைய ஆரம்பித்தது. அந்த இடத்தில் உயரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். திருவிருந்து மேசை. நான் மேசையைப் பார்த்தேன், ஏழுமலையும் பார்த்தார். வெள்ளை விரிப்பு அதன்மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"நான் வெளுத்த துணி சார். அழுக்காவுமே," என்றார்.

"ஆகட்டும்," என்றேன். கிழவியைத் தூக்கி அதன்மேல் கிடத்தினோம். அவள் காலடியில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்தோம். நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இடி எப்போது விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

கிழவி தண்ணீர் கேட்டாள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பீடத்துப் பூச்சாடியை எடுத்துப் பூவைக் கொட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நீட்டி மழையைப் பிடித்து அவள் வாயில் ஊற்றினேன். அவள் கண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். "இது எந்தக் கோயிலுடா?" என்று மகனைக் கேட்டாள். "மாதா கோயிலும்மா," என்றார் ஏழுமலை. "பொழுது சாஞ்சிட்ச்சி. வெளக்கு வெக்கமாட்டீங்களா?" என்று என்னைப் பார்த்து அதட்டினாள். ஏழுமலையின் தலைப்பாகைக்குள் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு தீப்பெட்டி நனையாமல் இருந்தது. பீடத்து மெழுகுவத்தி இரண்டையும் ஏற்றினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் கண் மூடவில்லை, ஆனால் பார்க்கவும் இல்லை என்று ஏழுமலைக்குத் தெரிந்தது. அவர் சத்தம் போட்டு அழவில்லை. தன் கன்னத்தை அவள் பாதத்தில் வைத்துக்கொண்டார்.

பிணத்தைத் தொட்டவன் கடவுளின் வாசஸ்தலத்துக்குள் வந்தால் அதைத் தீட்டுப்படுத்துகிறான், அவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோவான் என்று நம் வேதத்தில் இருப்பது உனக்குத் தெரியும். நான் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை, அந்த மேசையின்மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விடிந்து படகு வரும்வரை அப்படியே நின்றோம். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். கிழவியை எடுத்தபோது நானும் தோள் கொடுத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் கமிட்டி கூடியது. அதன் செயலர் வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், நல்ல மனிதர், உன் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். அவர் கண்கள் சிவந்திருந்தன. "எங்க தாத்தா காலத்துக் கிண்ணம் அது. எங்கப்பா அதுலதான் கடைசியாத் திருவிருந்து எடுத்தார். உங்களை நம்பித்தானே சாவியைக் கொடுத்தோம்? ஆளுங்களை உள்ள விட்டீங்க, சரி. கிராதிக்குள்ள விடணுமா? அந்த மேசையில ஒரு சாவு... இனிமே அதுல எப்படிங்க திருவிருந்து வைக்கறது?" என்றார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தேன். சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். தூக்கத்தில் அலறினேன் என்று சொன்னாள். ஒவ்வொரு டிரிப்பிலும் பாலத்தின்மேல் வரும்போது, இப்போது தண்டனை வரும், வண்டியில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

ஐயர் திரும்பி வந்ததும் நேரே நம் வீட்டுக்கு வந்தார். என்னை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றை வாரினோம். மேசையைத் தேய்க்கும்போது, "பயந்தீங்களா?" என்று கேட்டார். "இன்னும் பயமாத்தான் இருக்கு ஐயா. ஊசாவுக்கு வந்தது எனக்கும் வரணும்தானே?" என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "ஊசா ஏன் செத்தான்னு எனக்கும் தெரியலைங்க. எத்தனையோ தடவை அதைப் பத்திப் பிரசங்கம் பண்ணியிருக்கேன். தெரிஞ்ச மாதிரி பண்ணியிருக்கேன். தெரியாது," என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. பெட்டியை அவங்க வண்டியில ஏத்தினாங்க. நீங்க தோளை விடலை," என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அது எனக்குப் பதிலா, ஆறுதலா என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்று ராத்திரி தூங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில்தான் திருவிருந்து. கிண்ணம் இல்லாததால் அம்மா நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயர் அழைத்தபோது பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை. செயலர் வரவேயில்லை. பல வாரம் கழித்துத்தான் வந்தார். கிராதியில் முழங்காலிட்டு டம்ளரை வாங்கியபோது அவர் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். என்மேல் அவருக்குக் கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. சாவி என்னிடம் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. லேவியரும் அந்த வயதில் சுமையை இறக்கிவிட்டு, சகோதரருக்கு ஒத்தாசையாகக் காவல் காக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. இப்போது வாசலருகே கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். சனிக்கிழமை ஏழுமலை வந்தால் உள்ளே அழைத்துப்போகிறேன். மேசை விரிப்பை அவரே எடுத்து மடிக்கிறார், அவரே வெளுத்து வந்து விரிக்கிறார். விரிக்கும்போது ஒருமுறை மேசையைத் தடவிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் படித்தது இஸ்ரவேல் ஜனம் யோர்தான் ஆற்றைக் கடந்த பகுதியைத்தான். அறுப்புக் காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. லேவியராகிய ஆசாரியர் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துகொண்டு முதலில் தண்ணீரில் கால் வைக்கிறார்கள். தண்ணீர் மேலே குவியலாக நின்றுவிடுகிறது. பிறகு அவர்கள் நடு ஆற்றில் நிற்கிறார்கள். கிழவர்கள், பிள்ளைகள், மூட்டைகள், ஆடுமாடுகள், ஜனமெல்லாம் கடந்து தீரும்வரை நிற்கிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து, நீங்கள் முதலில் கரையேறுங்கள் என்று சொல்லவில்லை. பெட்டி அவர்கள் தோளில் இருப்பதால்தான் அவர்கள் கடைசி. ஒரு பக்கம் குவிந்து நிற்கிற தண்ணீரைப் பார்த்தபடி, மெதுவாக நடக்கிற ஒரு கிழவிக்காக அவர்கள் காத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் அருள். அவர்கள் கால் நடுங்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கவில்லை. நகரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

ஊழியம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உனக்குக் கொடுத்ததைத் தோளில் சுமக்க வேண்டும், வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. நோயாளியைப் பார்க்க உனக்குக் கீழே இருக்கும் உபதேசியாரை அனுப்பிவிட்டு நீ பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. சாவு வீட்டுக்கு நீயே போ. உன்னைவிட மெதுவாக நடக்கிறவன் தாண்டும்வரை நில். பீடத்தருகே போகும்போது உன் கால் கொஞ்சம் தயங்கட்டும். தயக்கமில்லாமல் அங்கே போகிறவன் நாளைக்கு ஒருவனைப் பார்த்து, "நீ ஏறாதே" என்று சுலபமாகச் சொல்லிவிடுவான். அந்த இடம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வான். உனக்கு அப்படி ஆகிவிடுமோ என்றுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கெட்டிக்காரன், நல்ல குரல், ஜனங்கள் உன்னை நேசிப்பார்கள். அதனால்தான் கூடுதலாகப் பயப்படுகிறேன்.

நானும் அம்மாவும் முந்தின நாளே ரயிலில் வந்துவிடுவோம். உன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும்போது அம்மா முன்வரிசையில் இருப்பாள், நான் எங்கே இருந்தாலும் தேடாதே. பிறகு நீ முதல்முதலாகத் திருவிருந்து கொடுப்பாய். நானும் வரிசையில் வந்து உன் முன்னால் முழங்காலிடுவேன். என்னைப் பெற்றவராயிற்றே என்று கூச்சப்பட்டு அவசர அவசரமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதே. அப்பத்தை என் கையில் நிதானமாக வை. நான் அதை வாயில் போட்டு எழுந்திருக்கும்வரை நில். என் மூட்டு இப்போது பழையபடி இல்லை, எழுந்திருக்க நேரமாகும்.

அப்பா